ஆடும் நெருப்பும் பட்ட பாலைக் கண்டுகள்: பிடுங்கிறதோ, விடுறதோ?

கேள்வி: மிருசுவில்ல எங்கட வீட்டுக்காணிக்குப் பின்னால ஒரு ஏக்கர் பத்தை கிடக்கு. பாலை, முதிரை, வேம்பு தானா முளைச்சு நிக்குது, ஆனா கனகாலமா முழங்காலைத் தாண்டேல்லை. ஊராடு கடிக்கும், போன ஆவணி பக்கத்துக் காணி நெருப்பும் பரவிட்டுது. டோசர் விட்டுத் துப்பரவாக்கிப் புதுக்கண்டு வைக்கட்டோ அண்ணை?

பதில்: தம்பி, டோசரை மட்டும் விடாதேங்கோ. மேல முழங்காலளவு எண்டாலும் கீழ கிடக்கிறது பழைய வேர். எங்கட வன்னிக் காடு மாதிரி வரள் காடுகளில வெட்டுக்கும் நெருப்புக்கும் பிறகு எழும்புறதில கனக்க விதையில வாறதில்லை, அடிக்கட்டையிலயும் வேரிலயும் இருந்துதான் துளிர்க்குது. விதைக்கண்டுக்கு முதல் கோடையே கண்டம், மாரி முடிஞ்சு சோளகம் எண்ட தென்மேற்குக் காத்து அடிக்கத் தொடங்கினா மேல்மண் காஞ்சுபோகும், வேர் ஆழம் போகாதது அதோட சரி. பழைய வேரில வாற துளிர் அதைத் தாங்கும், கெதியாவும் உயரும். டோசர் அந்த வேரைத்தான் கிளப்பி எறியும்.

ஒருக்கா எரிஞ்சது பெரிய காரியமில்லை. திரும்பத் திரும்பப் படுறதுதான் கண்டைக் கொல்லுது. ஒவ்வொரு துளிருக்கும் வேரில சேர்த்துவச்ச சத்துத்தான் செலவாகுது, புது இலை அதைத் திருப்பிச் சேர்க்க முதல் ஆடு நுனியைக் கடிச்சா பக்கக்கிளை வெடிச்சுப் பத்தையாகும், உயராது. உங்கட காணியில நடக்கிறது இதுதான்.

இப்ப கருகின கண்டின்ர அடிமண்ணை விலக்கி நகத்தால தோலைச் சுரண்டிப் பாருங்கோ. உள்ள பச்சையும் ஈரமும் எண்டா உயிர் கிடக்கு, விடுங்கோ. மாரிக்குக் கொத்தாத் துளிர்க்கும், உடன கழிக்காதேங்கோ, வேருக்கு இலை வேணும். அடுத்த மாரிக்குக் கிட்ட, நேரா நிக்கிற ஒண்டு ரெண்டை விட்டு மிச்சத்தை வெட்டுங்கோ.

காசு செலவழிக்கிறதெண்டா வேலிக்குச் செலவழியுங்கோ. ஐப்பசி மழையோட கிளுவைக் கதியால் (நட்டா வேர்விட்டுத் துளிர்க்கிற தடி) போட்டு, இடையில அலம்பல் (வெட்டின சிறு கிளைகள்) அடையுங்கோ. ஆடு பின்னங்கால்ல எழும்பி நிண்டாலும் நுனி எட்டாத உயரம் வரும்வரை வேலியில ஓட்டை விடாதேங்கோ. சோளகத்துக்கு முதல் எல்லையோட பத்தடி அகலத்துக்குப் புல்லைச் செருக்கி, சருகையும் கூட்டி எடுத்துப்போடுங்கோ.

பத்தை முழுக்க வெட்டி வெளிச்சம் விட்டா கண்டு வளரும் எண்டு சிலபேர் சொல்லுவினம், வேர் பலமா இருக்கிறதுக்கு அது உண்மைதான், ஆனா நாயுண்ணிச் செடியும் புல்லும்தான் முதல் எழும்பும், அடுத்த நெருப்புக்கு விறகே அந்தப் புல்லுத்தான். அதால கண்டுக்கு மேல கவிஞ்சு நிக்கிறதை மட்டும் கழியுங்கோ. வெறுமையாக் கிடக்கிற இடத்தில மட்டும் புதுக்கண்டு வையுங்கோ, பாலை மெத்த மெதுவாத்தான் வளரும், அதுக்குப் பக்கத்துப் பத்தை நிழலை முதல் ரெண்டு கோடைக்கும் எடுக்காதேங்கோ.