இரண்டாவது பிட்ச்சர் எங்கே?

ஐயா,
குடியாத்தம் பக்கம் ஒரு பள்ளியில் பி.டி. மாஸ்டராக இருக்கிறேன். எங்கள் பேஸ்பால் அணி அரையிறுதி வரை வந்தது. பந்து வீசும் பிட்ச்சருக்கு 15 வயது. இரண்டு நாளில் மூன்று ஆட்டத்திலும் அவனே வீசினான். மூன்றாவதில் முழங்கை பிடித்துக்கொண்டது, தோற்றோம். நடுவரும் சரியில்லை, கையுறைகளும் பழசு. அமெரிக்காவின் பெரிய அணிகளும் இப்படி ஒரே ஆளை இழந்து சரிந்ததுண்டா? விதி என்று விட்டுவிடுவதா?
— ஒரு வாசகர்

அன்புள்ள மாஸ்டர்,

சரிந்ததுண்டு, நிமிர்ந்ததும் உண்டு. 1920 ஆகஸ்டில் கிளீவ்லாந்து அணியின் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்பவர்) ரே சாப்மன் தலையில் பந்து பட்டு மறுநாள் இறந்தார். செப்டம்பரில் ஜோ சீவெல் என்ற புதுப் பையன் வந்து அந்த இடத்தில் நின்றான். அந்த ஆண்டு அமெரிக்க பேஸ்பாலின் இறுதிக் கோப்பையான உலகத் தொடர் கிளீவ்லாந்துக்குத்தான். 2021 ஜூலையில் அட்லாண்டா அணியின் ரொனால்ட் அக்குன்யாவுக்கு முழங்கால் ஜவ்வு கிழிந்தது. அதே மாதத்தில் மைதானத்தின் வெளிப்பகுதியில் நிற்கும் அவுட்ஃபீல்டர்கள் நான்கு பேரை மற்ற அணிகளிலிருந்து பிடித்தார்கள். அவர்களில் ஒருவரான ஹோர்ஹே சோலேர்தான் உலகத் தொடரின் சிறந்த வீரர். அடி யாருக்கும் விழும். அடுத்து நிற்க ஆள் இருக்கிறானா என்பதுதான் கேள்வி.

நடுவரை விடுங்கள். கையுறை அப்புறம்.

அந்தப் பையன் மொத்தம் எத்தனை பந்து வீசினான்? கடிதம் முழுக்கத் தேடினேன், அந்த எண் இல்லை. யாரும் எண்ணவில்லை, அப்படித்தானே? ரன்னை எழுதத் தெரிகிறது, பிள்ளையின் கைக்குக் கணக்கு வைக்கத் தெரியவில்லை!

இளம் பிட்ச்சர்களின் கையைக் காக்க அமெரிக்காவில் வகுத்த ‘பிட்ச் ஸ்மார்ட்’ வழிகாட்டுதல்படி 15, 16 வயதுக்கு ஒரு நாளில் 95 பந்துதான் உச்சம். 30 வரை வீசினால் மறுநாளும் வீசலாம். 31 முதல் 45 என்றால் ஒரு நாள் ஓய்வு, 60 வரை இரண்டு, 75 வரை மூன்று, அதைத் தாண்டினால் நான்கு நாள். வீசியவனை அன்றே, அடிப்பவனுக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்ச்சராக உட்காரவைக்கவும் கூடாது. நம்மூர் கத்திரி வெயிலில் இதையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு வீச்சிலும் முழங்கையின் உட்பக்கம் பிளந்துகொள்வதுபோல இழுபடும். பெரியவர்களுக்கு அங்கே ஜவ்வு கிழியும். 1974இல் பிட்ச்சர் டாமி ஜானுக்கு மருத்துவர் ஃப்ராங்க் ஜோப் வேறொரு தசைநாணை எடுத்துப் பொருத்தினார். இன்றும் அந்த அறுவைக்குப் பின் திரும்பிவர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். வளரும் பிள்ளைக்கு ஜவ்வைவிட எலும்பின் குருத்துப் பகுதி பலவீனம். முதலில் அதுதான் விட்டுக்கொடுக்கும். ஸ்ப்ரே அடித்து, கிரேப் பேண்டேஜ் சுற்றி ஆடவிடுகிற வேலை இங்கே ஆகாது. வலிக்கு முன்பே அடையாளம் தெரியும்: பந்து உயரப் போகும், முழங்கை தாழும், இரண்டு வீச்சுக்கு நடுவே கையை உதறுவான். அப்போதே மாற்ற வேண்டும்.

மாற்ற ஆள்? பெரிய அணி காயப்பட்ட பிட்ச்சரைக் குறைந்தது 15 நாள் காயப் பட்டியலில் போட்டுவிட்டு கீழணியிலிருந்து ஒருவனை அழைக்கும். உங்களுக்குக் கீழணி எட்டாம் வகுப்பு. ஷார்ட்ஸ்டாப், மூன்றாம் பேஸ் பையன்களில் கை நேராகப் போகிறவர்கள் மூன்று பேரைப் பிடியுங்கள். ஒரு கோணியில் 17 அங்குல அகலம், முழங்காலிலிருந்து நெஞ்சுவரை உயரம் கட்டம் போட்டுச் சுவரில் தொங்கவிடுங்கள். வாரம் இரண்டு நாள் ஆளுக்கு 20 பந்து, வேகம் வேண்டாம், கட்டத்துக்குள் விழுந்தால் போதும். அதையும் எண்ணி எழுதுங்கள்.

பையனுக்கு உட்பக்கம் அழுத்தினால் வலிக்கிறதென்றால் எலும்பு மருத்துவரிடம் காட்டி எக்ஸ்ரே எடுங்கள். அவர் சொல்லும்வரை பந்தை எறியவே கூடாது. ‘முதல் பேஸிலாவது நிற்கட்டுமே’ என்று கேட்பீர்கள். கூடாது, அங்கேயும் எறிய வேண்டிவரும்.