வந்துபோகும் நிபுணர்கள்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

கடன் நெருக்கடிகள் பற்றிய உங்கள் கட்டுரையில், ஏழை நாடுகளின் நிதி அமைச்சகங்களுக்கும் மத்திய வங்கிகளுக்கும் பணத்தைவிடத் தொழில்நுட்ப உதவிதான், அதாவது நிபுணர்களின் ஆலோசனையும் பயிற்சியும்தான், அதிகம் பயன்படும் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். வங்கித் தணிக்கையில் பல வருடம் இருந்தவன் நான். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பன்னாட்டு நிதியம், உலக வங்கி, அமெரிக்கக் கருவூலம் என்று எங்கிருந்தோ நிபுணர்கள் வருகிறார்கள். இரண்டு வாரம் ஓட்டலில் தங்கி, தடிமனாக ஓர் அறிக்கை கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். சட்டம் மாறுகிறது, மென்பொருள் வாங்கப்படுகிறது, திருட்டு மட்டும் அப்படியே இருக்கிறது. கடன் கொடுப்பவன், வாங்குபவனின் கணக்குப் புத்தகத்தைத் தன் பார்வையில் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு என்றே இதை நினைக்கிறேன். தவறா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பாதி சரி. அந்தப் பாதி நீங்கள் கைகாட்டும் இடத்தில் இல்லை என்பதுதான் என் எண்ணம்.

இந்தத் தொழிலின் மூத்தவர் என்று எட்வின் கெம்மரரைச் சொல்லலாம். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர். ‘பண மருத்துவர்’ என்றே பட்டப்பெயர். 1923-ல் கொலம்பியா அவரை அழைத்தது. அந்த ஆண்டே ஒரு மத்திய வங்கி, ஒரு தணிக்கைத் துறை, வங்கிகளுக்கு ஒரு மேற்பார்வை அலுவலகம் எல்லாம் சட்டமாகிவிட்டன. அடுத்தடுத்து சிலி, ஈக்வடார், பொலிவியா, பெரு. போன இடமெல்லாம் ஏறக்குறைய ஒரே மருந்துச் சீட்டு: தங்கத்தோடு இணைந்த நாணயம், அரசு கேட்டபோதெல்லாம் கடன் கொடுக்காத மத்திய வங்கி, ஒழுங்கான பட்ஜெட்.

அழைத்த அரசுகள் அப்பாவிகள் அல்ல. கெம்மரர் வந்து பார்த்துவிட்டுப் போனார் என்றால் நியூயார்க்கில் கடன் பத்திரம் விற்கும் என்று அவர்களுக்குத் தெரியும். விற்கவும் செய்தது. 1929-க்குப் பிறகு ஏற்றுமதி விலைகள் சரிந்தபோது அந்த நாடுகளில் பல, கடனைக் கட்ட முடியாமல் கையை விரித்தன. கொலம்பியாவில் தங்க இணைப்பு பத்தாண்டுகூடத் தாங்கவில்லை. ஆனால் அவர் யோசனையில் பிறந்த மத்திய வங்கியான பாங்க்கோ டி லா ரெபூப்ளிகா இன்றும் அதே பெயரில் இயங்குகிறது. அந்த ஊர்க்காரர்கள் தங்கள் தேவைக்கேற்ப அதை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டார்கள்.

ஆக, அழைக்கிறவனும் இந்த ஆட்டத்தில் இருக்கிறான். கடன் கொடுப்பவனின் பிடி என்று நீங்கள் சொல்வது பொய் என்று சொல்லவரவில்லை. அந்தப் பிடி பெரும்பாலும் கடன் ஒப்பந்தத்தின் நிபந்தனைகளில் இருக்கிறது. இன்ன சட்டத்தை இன்ன மாதத்துக்குள் நிறைவேற்று என்று நிபந்தனை போட்டு, அதை வரைய ஆளையும் அவர்களே அனுப்பும்போது இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. அங்கே உங்கள் சந்தேகம் நியாயம்தான். ஆனால் தொழில்நுட்ப உதவி பெரும்பாலும் கெட்டுப்போவது வேறொரு வழியில்.

தணிக்கைக்காரரான உங்களுக்கு ஆப்பிரிக்க நாடான மலாவியில் 2013-ல் நடந்ததைச் சொல்லவேண்டும். அரசின் செலவுகள் கணினி அமைப்பு ஒன்றின் வழியாகப் போய்க்கொண்டிருந்தன. செய்யாத வேலைக்கு, வராத சரக்குக்கு, ஏதோ ஒரு கம்பெனி பெயரில் பணம் கொடுக்கப்படும். காசோலை அச்சாகும், வங்கியில் பணமாகும். அப்புறம் அந்தப் பதிவையே அமைப்பிலிருந்து அழித்துவிடுவார்கள். அரசின் புத்தகத்தைப் பார்த்தால் அப்படி ஒரு செலவே நடக்கவில்லை. ஆனால் வங்கி ஸ்டேட்மெண்டில் அந்தத் தொகை கழிந்துதானே இருக்கும்? இரண்டையும் வரிக்கு வரி ஒத்துப்பார்த்திருந்தால் முதல் மாதமே பிடிபட்டிருக்கும் என்பீர்கள். அந்த ரீகன்சிலியேஷன்தான் ஒழுங்காக நடக்கவில்லை. அரசு ஊழியர்களிடம் கட்டுக்கட்டாகப் பணம் பிடிபட்டபோதுதான் விஷயம் வெடித்தது. ‘கேஷ்கேட்’ என்று அதற்குப் பெயரும் வந்தது. பட்ஜெட்டுக்கு நேரடியாகப் பணம் கொடுத்துவந்த நாடுகள் அதை நிறுத்திவைத்தன.

ரீகன்சிலியேஷனைப் போல அலுப்பான வேலை வேறில்லை. அதற்கு யாரும் விழா எடுக்கமாட்டார்கள், மென்பொருளுக்கு எடுப்பார்கள்.

மாட் ஆண்ட்ரூஸ், லாண்ட் பிரிட்செட், மைக்கேல் வூல்காக் என்ற வளர்ச்சித் துறை ஆய்வாளர்கள் இந்த வெளித்தோற்றச் சீர்திருத்தத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். விஷமில்லாத சில பாம்புகள் விஷப்பாம்பின் நிறத்தைப் பூண்டு தப்பிப் பிழைப்பதுபோல, வேலை செய்யாத அலுவலகங்களும் வேலை செய்கிறவற்றின் தோற்றத்தைப் பூண்டுகொள்கின்றன. கொள்முதல் சட்டம், தணிக்கைச் சட்டம், ஊழல் ஒழிப்பு ஆணையம் எல்லாம் காகிதத்தில் கச்சிதமாக இருக்கும். உதவி கொடுப்பவருக்கும் அது வசதி: சட்டம் நிறைவேறியது என்று படிவத்தில் ஒரு டிக் அடிக்கலாம். மொசாம்பிக்கில் 2013, 2014-ல் மூன்று அரசு நிறுவனங்கள், அரசின் உத்தரவாதத்தோடு சுமார் 200 கோடி டாலர் கடன் வாங்கின. அதில் பாதிக்கு மேல் நாடாளுமன்றத்துக்கும் பன்னாட்டு நிதியத்துக்கும் தெரியாமல் மறைக்கப்பட்டு, 2016-ல்தான் வெளியே வந்தது. கடன் பதிவேடு எவ்வளவு நல்லதாக இருந்தாலும், நிதி அமைச்சர் கையெழுத்திட்டுப் பூட்டிவைத்த காகிதம் அதில் ஏறாது. அந்த அமைச்சர் மானுவல் சாங் 2024-ல் நியூயார்க் நீதிமன்றத்தில் குற்றவாளி எனத் தீர்ப்பானது.

சரி, உருப்படியாக நடந்தது உண்டா என்று கேட்பீர்கள். வந்த நிபுணருக்கு மேலதிகாரி யார் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஜான் எக்ஸ்டர் என்ற, அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் பொருளியலாளர் 1949-ல் இலங்கைக்கு மத்திய வங்கி அமைப்பது பற்றி அறிக்கை எழுதினார். 1950-ல் வங்கி தொடங்கியபோது முதல் ஆளுநராக அவரையே உட்காரவைத்தார்கள். தான் எழுதியதற்குத் தானே தினமும் பதில் சொல்லவேண்டிய நாற்காலி! 1953-ல் என்.யூ. ஜயவர்தனவுக்கு அது கைமாறியது. எல்லா ஆலோசகருக்கும் இப்படி ஒரு தண்டனை கிடைத்தால் அறிக்கைகள் மெலிந்துவிடும். ஆனால் அந்த வங்கியில் முடிவெடுக்கும் நாணயச் சபையில், கடன் கேட்கும் அரசின் நிதி அமைச்சகச் செயலாளருக்கும் ஓர் இடம் இருந்தது. 2022 நெருக்கடிக்குப் பிறகு, 2023-ல் வந்த புதிய சட்டம்தான் அதை எடுத்தது. நல்ல தொடக்கம் எழுபது வருடத்துக்கான காப்பீடு அல்ல.

இன்னொன்று, லண்டனில் உள்ள ஓ.டி.ஐ. என்ற வளர்ச்சி ஆய்வு நிறுவனம் 1963-ல் தொடங்கிய திட்டம். இளம் பொருளியலாளர்கள் இரண்டு வருடம் ஏழை நாட்டு அமைச்சகத்தில் அந்நாட்டு ஊழியராகவே வேலை பார்ப்பார்கள். அந்த அரசு தன் சம்பள விகிதத்தில் கொடுக்கும், மீதியை ஓ.டி.ஐ. ஈடுகட்டும். பட்ஜெட் அட்டவணையில் கூட்டல் தப்பினால் இயக்குநர் கூப்பிட்டுக் கேட்பார். யார் செலவு செய்கிறார்கள் என்பதும் முக்கியம். பன்னாட்டு நிதியம் 2017-ல் டெல்லியில் திறந்த தெற்காசியப் பயிற்சி மையத்துக்குப் பெரும்பகுதிப் பணம் அதில் சேர்ந்த தெற்காசிய நாடுகளே கொடுத்தன. சொந்தக் காசு கொடுத்தவன் வேண்டாத பாடத்தை வேண்டாம் என்று சொல்லுவான்.

இரண்டு வாரப் பயணத்தையும் முழுக்கத் தள்ளமாட்டேன். வங்கி திவாலானால் என்ன செய்வது என்ற சட்டத்தை எழுதுவது, புதிய வரி ஒன்றை வடிவமைப்பது போன்றவை ஒரு நாட்டுக்கு எப்போதாவது வரும் வேலை. அதற்கென்று நிரந்தரமாக ஆள் வைத்திருப்பதைவிட, பல நாடுகளில் செய்து பழகியவரைக் கூப்பிட்டுக்கொள்வது மலிவு. தினமும் நடக்கவேண்டிய வேலைக்கு இது உதவாது. பண இருப்பைக் கணிப்பது, வரிப் பாக்கியைத் துரத்துவது, கடன் தவணையைப் பதிவது எல்லாம் கற்றுக்கொடுத்துவிட்டுக் கிளம்பக்கூடியவை அல்ல, கூடவே உட்கார்ந்து செய்யவேண்டியவை. பணத்தைவிட அதிகம் பயன்படும் என்று நான் எழுதியது இந்த இரண்டாவது வகையை நினைத்துத்தான். தான் யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்று தெரியாத அரசு, கடன் கொடுத்தவர்கள் முன்னால் எதை வைத்துப் பேரம் பேசும்?

உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். பதிவாகிவிட்ட ஒரு பணப்பட்டுவாடாவை அழிக்கும் உரிமை ஒரு கணக்குப் பிரிவில் யாரிடம் இருக்கலாம், அழித்தால் அது எங்கே பதிவாகவேண்டும்? தணிக்கைக்காரர் பார்வையில் நீங்கள் விரிவாக எழுதினால் வெளியிடுகிறேன்.

அன்புடன்.