கடலில் இறங்க ஒரு கேமரா: மிரர்லெஸ்ஸா, தண்ணீர் புகாத சிறிய கேமராவா?

கேள்வி: நான் கன்னியாகுமரி மாவட்டம் கடியப்பட்டணத்துக்காரன். கல்லூரிப் படிப்பை முடித்து ஓராண்டு ஆகிறது. என் தாய்மாமன் கடலில் முங்கிச் சிப்பி எடுப்பவர். அவர் மூச்சடக்கி இறங்கிப் பாறையிலிருந்து சிப்பியைப் பெயர்த்தெடுப்பதையும், கரையில் நின்று கரமடி வலை இழுக்கும் பெரியவர்களையும், விடியுமுன் அலையைத் தாண்டி வள்ளம் இறக்குவதையும் ஓராண்டு தொடர்ந்து படமெடுத்து ஊரிலேயே கண்காட்சி வைக்க வேண்டும் என்பது என் ஆசை. இடையிடையே கல்யாணம், ஞானஸ்நானம் போன்ற நிகழ்ச்சிகளை எடுத்துச் சம்பாதிக்கவும் வேண்டும். கையில் ஒன்றரை லட்சம் ரூபாய் இருக்கிறது. நாகர்கோவிலில் விசாரித்தபோது, தூசியும் ஈரமும் ஏறாத தொழில்முறை மிரர்லெஸ் கேமராவை (உள்ளே கண்ணாடி இல்லாத, லென்ஸை மாற்றிப் பொருத்தும் வகை) வாங்கச் சொன்னார்கள். துபாயில் வேலை பார்க்கும் அண்ணனோ, தண்ணீர் புகாத சிறிய கேமரா ஒன்றை வாங்கி வருவதாகச் சொல்கிறார். எதை வாங்கலாம்?

பதில்: அண்ணனிடம் அந்தச் சிறிய கேமராவையே வாங்கி வரச் சொல்லுங்கள். மீதிப் பணத்தை வங்கியில் போட்டு வைத்துவிட்டு, கல்யாண வேலை வரும் நாள்களில் மட்டும் மிரர்லெஸ் கேமராவை வாடகைக்கு எடுங்கள். படத்தின் தரத்தை மட்டும் பார்த்தால் எந்த நிபுணரும் உங்களுக்கு மிரர்லெஸ்ஸைத்தான் சொல்வார். நானும் பலருக்கு அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் மூன்று காட்சிகளில் இரண்டு, கேமரா நனைந்தே தீர வேண்டிய இடத்தில் நடக்கின்றன. கல்யாண மண்டபத்துக்கு என்றால் ஒருநாள் வாடகைக்குக் கேமரா கிடைக்கும். கடலில் முங்கப் போகிறேன் என்று சொல்லிக் கேட்டால் யார் தருவார்கள்? இரவல் கிடைக்காததைச் சொந்தமாக வாங்குவதுதான் உங்கள் நிலைமைக்குப் பொருந்தும்.

தூசியும் ஈரமும் ஏறாது என்று சொன்னார்கள் அல்லவா, அதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். மின்னணுப் பொருள்களுக்குள் தூசியும் நீரும் புகாமல் எந்த அளவுக்குத் தடுக்கப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்ல ஐபி என்ற தரக்குறியீடு இருக்கிறது. அதில் முதல் எண் தூசியையும் இரண்டாவது எண் நீரையும் குறிக்கும். மிரர்லெஸ் கேமராக்களில் பல, உள்ளே ரப்பர் அடைப்புகள் இருப்பதாகச் சொல்லுமே தவிர, இந்த எண் எதையும் தருவதில்லை. எண்ணைத் துணிந்து வெளியிட்ட சிலவற்றுள் ஓஎம் சிஸ்டம் என்ற வணிகப் பெயரில் வரும் ஓஎம்-1 ஒன்று. 2022இல் வந்த அதன் தரம் ஐபி 53. இதிலுள்ள 3 என்ற எண்ணுக்கு, நேர் மேலிருந்து 60 பாகை வரை சாய்ந்து விழும் தூறலைத் தாங்கும் என்பது பொருள். அதாவது மழையைத் தாங்கும். வள்ளத்தின் முன்முனையான அணியத்தில் மோதிப் பக்கவாட்டிலிருந்தும் கீழிருந்தும் எழுந்து அறையும் அலையை அந்த எண் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. அந்தத் தாங்குதிறனும், அதே அளவுக்கு அடைக்கப்பட்ட லென்ஸைப் பொருத்தியிருந்தால்தான் கிடைக்கும். மேலும் இந்தச் சோதனைகள் நன்னீரில் செய்யப்படுபவை.

உப்பு நீரின் கதையே வேறு. பல ஆண்டுகளுக்கு முன் முட்டத்தில் கலங்கரை விளக்கத்துக்குக் கீழே உள்ள பாறைகளில் நின்று படமெடுத்துக் கொண்டிருந்தபோது, அலையின் சிதறல் என் கேமராவின் மேல் விழுந்தது. சட்டை நுனியால் துடைத்தேன். கேமரா நன்றாகவே வேலை செய்தது. ஒரு மாதம் கழித்துப் பேட்டரி மூடியைத் திறந்தபோது, பொன்னிறமாக இருக்க வேண்டிய மின்தொடுமுனைகளில் ஒன்று பச்சை பூத்துப் பொடி உதிர்த்துக் கொண்டிருந்தது. அதற்கடுத்த வாரம் ஷட்டர் பொத்தான் செத்துவிட்டது. துடைத்தபோது நீர்தான் போயிற்று, உப்பு தங்கிவிட்டது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கரைந்து உப்புநீராக மாறிவிடும். கடற்கரை ஊர்களில் மழைக்கால இரவுகளில் அந்த அளவை எட்டுவது சாதாரணம். ஆகவே ஒருமுறை ஒட்டிய உப்பு, பகலில் காய்ந்தும் இரவில் கசிந்தும் மாதக்கணக்கில் உலோகத்தை அரித்துக்கொண்டே இருக்கும். தண்ணீர் புகாத கேமராவை முழுவதுமாக நன்னீரில் அமிழ்த்தி உப்பைக் கரைத்துவிடலாம். மிரர்லெஸ்ஸுக்கு அப்படிச் செய்ய வழியில்லை. உங்கள் ஊருக்கு இந்த ஒரு வேறுபாடே பெரிது.

சிறிய கேமராக்களில் இன்று நான் சொல்லக்கூடியது ஓஎம் சிஸ்டம் டஃப் டிஜி-7. 2023இல் வந்தது, உறை எதுவும் இல்லாமலே 15 மீட்டர் ஆழம் வரை போகலாம், 2.1 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்கும் என்று நிறுவனம் சொல்கிறது. அண்ணன் அதைத்தான் மனத்தில் வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். அதன் விலை உங்கள் கையிருப்பில் பாதியைத் தொடாது.

இனி அதன் குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒளியை வாங்கிப் படமாக்கும் சென்சார், முழுச்சட்டக மிரர்லெஸ்ஸில் 36 மில்லிமீட்டர் அகலமும் 24 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. டிஜி-7இன் சென்சார் ஏறக்குறைய 6.2க்கு 4.6 மில்லிமீட்டர், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. பரப்பளவில் 30 மடங்கு வித்தியாசம். மழையில் அண்டாவையும் டம்ளரையும் வைத்தால் எதில் எவ்வளவு நீர் சேருமோ அப்படித்தான் ஒளியும் சேரும். டிஜி-7இன் லென்ஸ் அகலக் காட்சியில் எஃப் 2 வரை திறப்பதால் (எஃப் எண் குறையக் குறைய ஒளி நுழையும் துளை பெரிதாகும்) இந்த இழப்பில் ஒரு பகுதி ஈடாகும். ஆனாலும் விடியுமுன் டார்ச் வெளிச்சத்தில் வள்ளம் தள்ளுவோரின் முகங்களை எடுத்தால், நிழல்களில் புள்ளி புள்ளியாக இரைச்சல் ஏறும், தோளின் ஓரங்கள் கரைந்து போகும். அதில் ஒளியுணர்வைக் கூட்டும் ஐஎஸ்ஓ அளவு 800க்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. தூரத்துக் காட்சிக்கு லென்ஸை நீட்டினால் துளை எஃப் 4.9 ஆகச் சுருங்கிவிடும் என்பதால், மங்கிய வெளிச்சத்தில் ஜூம் செய்யாதீர்கள். ஆளின் அருகே நடந்து போங்கள். பின்னணியைக் கலங்கலாக்கி முகத்தை மட்டும் எடுத்துக்காட்டும் கல்யாணப் பாணியையும் இதில் எதிர்பார்க்க வேண்டாம்.

கண்காட்சிக்கு இந்தப் படங்கள் போதுமா என்றால், போதும். 12 மெகாபிக்சல் படம் என்பது 4000க்கு 3000 புள்ளிகள். அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற கண்டிப்பான கணக்கில் 13க்கு 10 அங்குலம் அச்சிடலாம். நாலடி தள்ளி நின்று பார்க்கும் சுவர்ப் படத்துக்கு 20க்கு 15 அங்குலம் வரை தாராளமாகப் போகலாம். சூரியன் எழுந்து அரை மணி ஆன பிறகு எடுத்த படமாக மட்டும் இருக்கட்டும். எல்லாவற்றையும், சென்சார் பதிந்ததைச் சுருக்காமல் அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாகவே எடுங்கள், குறிப்பாக நீருக்கடியில்.

நீருக்கடியில் எடுக்கும் படத்துக்குக் கேமராவைவிடத் தூரம்தான் முக்கியம். நீர் சிவப்பு நிறத்தை முதலில் விழுங்கிவிடும். ஐந்து மீட்டர் ஆழத்திலேயே அது பெரும்பாலும் போய்விடுவதால், மாமன் கையில் இருக்கும் சிப்பியும் அவருடைய உள்ளங்கையும் ஒரே நீலச்சாம்பலாகத் தெரியும். கேமராவிலுள்ள நீரடி வண்ண அமைப்பு ஓரளவு மீட்டுத் தரும். மீதியை ரா கோப்பில் சரி செய்யலாம். ஆனால் உங்களுக்கும் அவருக்கும் இடையில் நீர் கூடக் கூடத் திருத்தத்தால் கிடைக்கும் உதவி குறைந்துகொண்டே போகும். அகலக் கோணத்தில் வைத்து, கை எட்டும் தூரத்துக்குள் போய், வெயில் உங்கள் முதுகில் படும்படி நின்று எடுங்கள். பிளாஷை அணைத்துவிடுங்கள், அது நீரில் மிதக்கும் துகள்களை எல்லாம் வெளிச்சமாக்கிப் படம் முழுக்க வெண்புள்ளிகளைத் தூவிவிடும். மழைக்காலம் ஓய்ந்து கடல் தெளியும் வாரங்களில்தான் இது கைகூடும், அந்த நாள்களை மாமனைவிட நன்றாக யாரும் உங்களுக்குச் சொல்ல முடியாது. இதே கேமராவில் ஒரு சென்டிமீட்டர் தூரம் வரை நெருங்கிக் குவிக்கும் வசதியும் இருக்கிறது. பாறையில் ஒட்டிய சிப்பியின் நாரையும், உளி பட்டு வெடித்த ஓட்டின் விளிம்பையும் அதில் எடுத்துப் பாருங்கள்; பெரிய கேமராவில் இதற்குத் தனி லென்ஸ் வேண்டும்.

மிரர்லெஸ்ஸுக்கு நீரடி உறை வாங்கலாமே என்று யாராவது சொல்வார்கள். தரமான உறையின் விலை பெரும்பாலும் கேமராவின் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அதையெல்லாம் சேர்த்துச் சில கிலோ எடையுடன், மூச்சடக்கி முங்குபவர் அலையடிக்கும் பாறைகளுக்கு இடையில் நீந்துவதை நான் ஆதரிக்க மாட்டேன். மெல்லிய பிளாஸ்டிக் பை உறைகளை நம்பி விலையுயர்ந்த கேமராவை நீரில் இறக்குவது வேண்டவே வேண்டாம்.

தண்ணீர் புகாத கேமராவும் கவனக்குறைவால் சாகும். பேட்டரி மூடியைச் சுற்றிப் பென்சில் கோடு அளவே உள்ள ஒரு ரப்பர் அடைப்பு இருக்கும். கடலைத் தடுத்து நிற்பவை அதுவும், கம்பி செருகும் துளையின் மூடியிலுள்ள அடைப்பும்தான். ஒரு நண்பரின் கேமரா நீரில் இறங்கிய சில நிமிடங்களில் செத்தது. பிறகு மூடியைத் திறந்து பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, வலையிலிருந்து பிரிந்த நைலான் இழை ஒன்று, தலைமுடியைவிடச் சற்றே தடித்தது, அந்த ரப்பரின் குறுக்கே படிந்து கிடந்தது. வலையும் மணலும் கிடக்கும் இடத்தில் வாழும் உங்களுக்கு இது அன்றாட ஆபத்து. கடற்கரையிலும் வள்ளத்திலும் மூடியைத் திறக்கவே கூடாது. முதல்நாள் உச்சிவேளையில், காற்று காய்ந்திருக்கும்போது, வீட்டுக்குள் வைத்துப் பேட்டரியை மாற்றி, ரப்பரை விரலால் தடவிப் பார்த்து, பஞ்சு ஒட்டாத துணியால் துடைத்து மூடுங்கள். ஈரக்காற்றை உள்ளே வைத்து மூடினால், குளிர்ந்த நீரில் இறங்கியதும் லென்ஸின் உட்பக்கம் ஆவி படிந்து அன்றைய படங்கள் எல்லாம் மூட்டமாகிவிடும். வெயிலில் சுட்டுக்கிடந்த கேமராவை நேரே கடலுக்குள் முக்கினாலும் அப்படித்தான்.

கரைக்கு வந்ததும், மூடி மூடியபடியே, ஒரு வாளி நன்னீரில் பத்து நிமிடம் ஊற வைத்து, பொத்தான்களைச் சில முறை அழுத்தி விடுங்கள். குழாயைத் திறந்து நீரைப் பீய்ச்ச வேண்டாம். கடற்கரையோரக் கிணறுகள் பல உவர் ஏறியவை என்பதால், குடிக்கும் தண்ணீரையே பயன்படுத்துங்கள். ஆண்டுக்கு ஒருமுறை அடைப்புகளை மாற்றுவது அவசியம். கேமரா நீரில் மூழ்கும் என்பதால், வலையில் கட்டும் சிறிய மிதப்பு ஒன்றை அதன் கயிற்றில் கோத்துவிடுங்கள்; அது தாங்குகிறதா என்று வாளியில் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சம்பாத்தியத்துக்கு வருகிறேன். தேவாலயத்துக்குள் மங்கிய விளக்கில் நடக்கும் கல்யாணத்துக்கும் ஞானஸ்நானத்துக்கும் சிறிய கேமரா உதவாது. அங்கே பெரிய சென்சார் வேண்டும், ஒரே படத்தை இரண்டு அட்டைகளில் பதியும் வசதியும் வேண்டும். ஓர் அட்டை கெட்டுப்போய்த் தாலி கட்டும் படம் அழிந்தால் அந்தக் குடும்பத்துக்கு அதை எந்த விலையாலும் ஈடு செய்ய முடியாது. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பகுதிகளில் ஸ்டூடியோ நடத்துவோரிடம் நாள் வாடகைக்குக் கிடைக்குமா என்று கேளுங்கள். அதைவிடவும், அனுபவமுள்ள ஒருவருக்குத் துணையாக ஆறு மாதம் போவது நல்லது. அவருடைய கேமராவிலேயே பழகலாம். மாதத்தில் நான்கு வேலைகள் தொடர்ந்து வரத் தொடங்கியபின், மீதமுள்ள பணத்தோடு வருமானத்தைச் சேர்த்து, எந்த மாடல் என்பதை அப்போது முடிவு செய்யுங்கள். உங்கள் கடிதத்தில் கல்யாண வேலைதான் முதல், கண்காட்சி பிறகு என்று இருந்திருந்தால் நான் மிரர்லெஸ்ஸையே முதலில் வாங்கச் சொல்லியிருப்பேன்.

படமெடுக்கும் ஆர்வத்தில் மூச்சின் கணக்கு மறந்துபோகும். மாமன் நீரில் இருக்கும்போது மட்டும் இறங்குங்கள், அவர் ஏறு என்றால் ஏறிவிடுங்கள். உள்ளூரில் காற்று வீசாதபோதும் திடீரெனக் கடல் பொங்கும் கள்ளக்கடல் எச்சரிக்கை உள்ள நாளில் பாறைப் பக்கமே போக வேண்டாம். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை கொண்டுபோனதை நாம் மறந்துவிடவில்லை. ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் அந்த எச்சரிக்கைகளை முன்கூட்டியே வெளியிடுகிறது. தினமும் பார்க்கும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணனிடம் இரண்டு செய்திகளைச் சொல்லிவிடுங்கள். அங்கே தரப்படும் உத்தரவாதம் இந்தியாவில் செல்லுமா என்பதையும், அடைப்பு மாற்ற இங்கே எங்கே அனுப்ப வேண்டும் என்பதையும் வாங்குமுன் எழுத்தில் கேட்டுக்கொள்ளட்டும். கூடவே நிறுவனத்தின் அசல் பேட்டரி ஒன்றைக் கூடுதலாக வாங்கி வரட்டும்.