பீரோ சத்தம்

கேள்வி: எனக்கு 43 வயது. எங்கள் காயர் மெத்தை வாங்கி ஒன்பது வருடம் ஆகிறது. நடுவில் பள்ளம் விழுந்து, காலையில் எழுந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. போதாக்குறைக்கு, பக்கத்து அறையில் பாயில் படுக்கும் மாமியார் (74 வயது, மூட்டுவலி) ராத்திரி இரண்டு முறை பீரோவைப் பிடித்துக்கொண்டு எழுவார். அந்தச் சத்தத்தில் தூக்கமும் போய்விடுகிறது. கையில் 35 ஆயிரம் இருக்கிறது. மெமரி ஃபோம், லேடெக்ஸ், ஸ்பிரிங், எது வாங்கலாம்? பழையதை மாமியாருக்கு விரித்துவிடலாம் என்று இருக்கிறோம்.
— வாசகி, ஈரோடு

பதில்: மெத்தை இருக்கட்டும். முதலில் அந்த பீரோ.

அந்தச் சத்தத்தை உங்கள் தூக்கம் கெட்ட கணக்கில் எழுதிவிட்டீர்கள். 74 வயது மனுஷி, இருட்டில், தரையிலிருந்து எழக் கையை நீட்டுகிறார். கைக்குக் கிடைப்பது ஒரு இரும்புக் கதவின் கைப்பிடி. பூட்டாமல் விட்ட ஒரு நாள் அந்தக் கதவு திறந்துகொண்டு வரும். அன்றைக்கு நீங்கள் கேட்கப்போவது வேறு சத்தம்.

உங்கள் இடுப்பை ஒடித்த மெத்தை அவருக்கு மட்டும் எப்படி ஆகும்? பாயிலாவது கையூன்றக் கெட்டித் தரை இருக்கிறது. பள்ளத்தில் ஊன்றினால் கை அமுங்கிப்போகும். ‘அத்தைக்குப் பாய்தான் பழக்கம்’ என்பீர்கள். இதை எத்தனையோ கடிதங்களில் படித்தாயிற்று. அவரிடம் யாராவது கேட்டீர்களா? அப்புறம், உங்கள் கணவர். பெற்ற மகனுக்கு அந்தச் சத்தம் கேட்பதே இல்லையா? மருமகளை மட்டும் திட்ட எனக்கு மனசில்லை. இந்தப் பக்கத்தை அவர் கையிலும் கொடுங்கள்.

முதல் செலவு அத்தைக்கு ஒரு ஒற்றைக் கட்டில். ஓரத்தில் உட்கார்ந்தால் பாதம் முழுக்கத் தரையில் படிய வேண்டும், முட்டி இடுப்புக்கு மேலே போகக் கூடாது. மெத்தையோடு சேர்த்து 18 முதல் 20 அங்குலம் பெரும்பாலும் சரிவரும். குள்ளமானவர் என்றால் இன்னும் குறையுங்கள். மேலே நாலங்குலக் காயர் போதும். ஓரம் அமுங்கக் கூடாது. அவரையே கடைக்கு அழைத்துப்போய் உட்கார்ந்து எழச் சொல்லுங்கள்.

மிச்சம் உங்களுக்கு. இடுப்புவலிக்குக் கட்டாந்தரை மாதிரி மெத்தைதான் நல்லது என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள். நாள்பட்ட இடுப்புவலிக்காரர்கள் 313 பேரை வைத்து ஸ்பெயினில் செய்த ஆய்வு 2003இல் வெளிவந்தது. அதில் ரொம்பக் கெட்டியான மெத்தையைவிட நடுத்தரக் கெட்டிதான் வலியைக் குறைத்தது. மெமரி ஃபோம் உடம்புச் சூட்டைப் பிடித்துவைக்கும், ஈரோட்டு வெயிலில் ஏசி இல்லாமல் வேண்டாம். லேடெக்ஸுக்கு உங்கள் பணம் இழுபறி. காயர் மேல் இரண்டங்குலம் ஃபோம் வைத்த ஆறங்குல மெத்தை பாருங்கள். ஒருக்களித்துப் படுப்பவரா? தோள் கொஞ்சம் அமுங்க வேண்டும். கடையில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிஷம் படுங்கள், கடைப்பையன் பார்த்தால் பார்க்கட்டும். போகும் முன் உங்கள் கட்டிலை அளந்துகொள்ளுங்கள். 75க்கு 60 அங்குலம், 78க்கு 60 அங்குலம் என்று இரண்டும் விற்கிறார்கள்.

பழைய மெத்தை குப்பை வண்டிக்கு. கட்டில் வந்து இறங்கும்வரை, அத்தை படுக்கும் இடத்தில் சுவரை ஒட்டி ஒரு கனமான மர நாற்காலியைப் போடுங்கள். பீரோவைப் பூட்டிச் சாவியை எடுத்துவிடுங்கள். இன்று ராத்திரியே.