ஓமோன் குளிசை: ஐந்து வருடத்தில் விடத்தான் வேணுமா?

கேள்வி: வயது 54. கருப்பை எடுக்கவில்லை. மாதவிடாய் நின்றபின் உடம்பு கொதித்து வியர்த்து நித்திரையே இல்லை. 50 வயதில் ஓமோன் குளிசை தொடங்கினேன், இப்ப சுகம். ஐந்து வருடத்துக்கு மேலே போட்டால் மார்புப் புற்றுநோய் வரும், உடனே விடு என்று அக்கா சொல்கிறா. விடலாமா? (வாசகி, கிளிநொச்சி)

பதில்: ஐந்து வருடத்தில் விட்டே ஆக வேண்டும் என்று விதி இல்லை. அந்தப் பயம் பெரும்பாலும் 2002இல் அமெரிக்காவில் இடைநிறுத்தப்பட்ட ஆய்வொன்றிலிருந்து பரவியது. ஈஸ்ட்ரஜன், புரோஜெஸ்டின் (புரோஜெஸ்டரோன் வகை) என்ற இரண்டு பெண் ஓமோன் மருந்துகளும் சேர்ந்த குளிசை போட்ட 10,000 பெண்களில் வருடத்துக்கு 38 பேருக்கும், மருந்தில்லாத குளிசை போட்டவர்களில் 30 பேருக்கும் மார்புப் புற்றுநோய் வந்தது. மேலதிகம் எட்டுப் பேர். அக்கா சொல்வது பொய்யில்லை, அளவு இவ்வளவுதான். அந்தப் பெண்களின் சராசரி வயதும் 63. ஆனால் போடும் வருடம் கூடக் கூட ஆபத்தும் கூடும்.

கொதிப்பும் வியர்வையும் பலருக்கு ஏழு வருடமளவில் நீடிக்கும். நாலாம் வருடத்தில் விட்டால் திரும்பி வர இடமுண்டு. 60 வயதுக்குள், புற்றுநோய், இரத்தக்கட்டி, பக்கவாதம், ஈரல் நோய் எதுவும் வந்திராதவருக்குப் பொதுவாக நன்மையே அதிகம். ஆகவே தொடரலாம். வருடம் ஒருமுறை பிரசர், மார்புப் பரிசோதனை செய்து (சுகவனிதையர் கிளினிக்கிலேயே பார்ப்பார்கள்) இன்னும் தேவையா என்று வைத்தியரிடம் கேளுங்கள். 60ஐத் தாண்டியும் தேவையென்றால் தோலில் ஒட்டும் பட்டை அல்லது ஜெல் பற்றிக் கேளுங்கள். குளிசையைவிட இரத்தம் கட்டும் ஆபத்து குறைவு.

விடுவதென்றால் படிப்படியாக விடுவது சுகம். ஈஸ்ட்ரடியோல் (ஈஸ்ட்ரஜன் வகை) 2 மி.கி. என்றால் 1 மி.கி., பிறகு அதிலும் பாதி, ஒவ்வொரு படிக்கும் இரண்டு மூன்று மாதம். சட்டென்று விட்டாலும் ஆபத்தில்லை, முதல் மாதங்கள் கஷ்டமாக இருக்கும், அவ்வளவுதான். வன்னியில் சித்திரை வெயிலிலோ சோளகத்திலோ குறைக்கத் தொடங்காதீர்கள். வியர்ப்பது வெக்கையாலா ஓமோன் குறைந்தா என்று பிரிக்கவே ஏலாது. மார்கழி, தை நல்லது.

அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று உண்டு. இரண்டு மருந்தும் தனித்தனிக் குளிசையாக இருந்தால், வயிறு ஊதுகிறது என்று புரோஜெஸ்டரோனை மட்டும் விட்டுவிட்டு ஈஸ்ட்ரஜனைத் தொடர்வார்கள். கருப்பை உள்ளவருக்கு இது கூடாது. ஈஸ்ட்ரஜன் தனியே போனால் கருப்பையின் உட்சுவர் தடித்துக்கொண்டே போய்ப் புற்றுநோயாகலாம். கருப்பை எடுத்தவருக்குத்தான் பொதுவாக ஈஸ்ட்ரஜன் மட்டும் போதும்.

40 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றவருக்கு இந்த ஐந்து வருடக் கணக்கே பொருந்தாது. எலும்பையும் இதயத்தையும் காக்க 50 வயதளவு வரை போட வேண்டும். பெண்ணுறுப்பு வறட்சிக்கு மட்டும் பூசும் குறைந்த அளவு ஈஸ்ட்ரஜன் கிறீமைத் தேவைப்படும் வரை பாவிக்கலாம்.

ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தாலோ, நெஞ்சு நொந்து மூச்சு முட்டினாலோ, கைகால் திடீரென விளங்காமல் போனாலோ குளிசையை நிறுத்தி உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மாதவிடாய் இல்லாமலே இருந்துவிட்டுப் புதிதாக இரத்தம் பட்டால், ஒரு சொட்டென்றாலும் அடுத்த கிளினிக் திகதி வரை பொறுக்காமல் ஸ்கான் செய்யுங்கள்.