மெக்சிகோ திருவிழா வழியாகச் சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்பானிஷ், ஆங்கிலம் இரண்டிலும் நிறங்களைச் சொல்லித் தருவது எப்படி?

மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் என்றால் ஒரே திருவிழா போதும். நவம்பர் 1, 2 தேதிகளில் வரும் தியா தே முயெர்தோஸ் இதற்குத் தோதானது. இறந்துபோன சொந்தங்களுக்காக வீட்டில் படையல் வைக்கும் நாட்கள் அவை. ஹாலோவீன் அல்ல, அதைக் கலக்க வேண்டாம். படையலில் செம்பசூச்சில் பூ இருக்கும் (நம்மூர் செண்டுமல்லிதான், அதன் பூர்வீகமே மெக்சிகோ). மேலே பப்பெல் பிகாதோ என்ற வெட்டுக்காகிதத் தோரணம் தொங்கும்.

முதல் வாரம் மூன்றே நிறம்: அனரன்ஹாதோ (ஆரஞ்சு), மொராதோ (ஊதா), ப்ளாங்கோ (வெள்ளை). மஞ்சளையும் சிவப்பையும் இப்போதே சேர்த்தால் செண்டுமல்லியின் நிறம் எதில் சேரும் என்று பிள்ளை குழம்பும்.

தோரணத்துக்கு மெல்லிய டிஷ்யூ காகிதம் வாங்குங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு தாள், ஒரே நிறம். மேல் ஓரத்தில் 2 செ.மீ. நூலுக்காக மடித்துவிட்டு, மீதியை நீளவாக்கில் இரண்டு தடவை மடியுங்கள். மூன்றாவது மடிப்புக்குப் போனால் பிள்ளைகளின் மொட்டைக் கத்தரிக்கோல் வெட்டாது, காகிதத்தைக் கடித்துக் குதறும். மடிப்பு ஓரத்தில் அரைவட்டமாக வெட்ட வேண்டும். ஓரத்துக்கு ஓரம் வெட்டிவிட்டால் தாள் இரண்டாகப் போய்விடும். ஒட்ட குச்சிப்பசை மட்டும். தண்ணீர்ப்பசை பட்டால் சாயம் கரைந்து ஊதா வெள்ளையில் இறங்கும், அப்புறம் அது என்ன நிறம் என்று உங்களுக்கே தெரியாது! (பூயெப்லா மாநிலக் கைவினைஞர்கள் பல தாள்களை அடுக்கி உளியால் வெட்டுவார்கள். அது வேறு வித்தை.)

பேசும் முறைதான் முக்கியம். பொருளை முதலில் சொல்லி நிறத்தைப் பின்னால் சொல்லுங்கள். ஸ்பானிஷில் இயல்பாகவே "பப்பெல் மொராதோ" என்றுதான் வரும். ஆங்கிலத்தில் "பர்ப்பிள் பேப்பர்" என்பதைவிட "தி பேப்பர் இஸ் பர்ப்பிள்" நல்லது. கண் முதலில் பொருளில் நிற்கும், அதன் பிறகு நிறம் காதில் விழும். இரண்டு மொழியையும் ஒரே மூச்சில் அடுக்காதீர்கள். அடுத்து ஆங்கிலம் வரும் என்று தெரிந்துவிட்டால் பிள்ளை ஸ்பானிஷைக் கவனிக்காது. காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

ஸ்பானிஷில் பூ (ஃப்ளோர்) பெண்பால் சொல் என்பதால் "ஃப்ளோர் மொராதா" என்று நிறச்சொல்லின் கடைசி எழுத்து மாறும். பிள்ளை "மொராதோ" என்றால் திருத்த வேண்டாம், நீங்கள் சரியாகத் திருப்பிச் சொன்னால் போதும்.

பலரும் கோட்டை விடுவது ஒன்று உண்டு: பூவை மட்டுமே காட்டி அனரன்ஹாதோ சொல்லித் தந்தால், அது பூவின் பெயர் என்றே பிள்ளை நினைத்துக்கொள்ளும். ஒவ்வொரு நிறத்துக்கும் பூ, காகிதம், துணி என்று மூன்று பொருளாவது வேண்டும். சோதிக்கும்போது "என்ன நிறம்?" என்று கேட்பதற்கு முன் "மொராதோ காகிதத்தை எடு" என்று கேளுங்கள். எடுக்கத் தெரிந்து பல நாள் கழித்துத்தான் சொல்ல வரும்.

டிசம்பர் 16 முதல் 24 வரை போசாதாஸ், அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தைய மெக்சிகோ கொண்டாட்டம். அப்போது நட்சத்திரப் பின்யாதாவின் (உள்ளே மிட்டாய் நிரப்பித் தொங்கவிட்டு அடித்து உடைக்கும் பொம்மை) ஒவ்வொரு கூம்புக்கும் ஒரு நிறம் ஒட்டிச் சிவப்பு, மஞ்சள், பச்சையைச் சேர்க்கலாம். இந்த வயதுக்குத் தடியால் அடித்து உடைப்பது வேண்டாம், நாடா இழுத்துத் திறப்பதாகச் செய்யுங்கள். உள்ளே கெட்டி மிட்டாயும் கடலையும் போடாதீர்கள், தொண்டையில் சிக்கும்.