ஆடாத தண்ணீர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதம் ஒரு கலைக்கூடத்தில் ரோனி ஹார்ன் என்ற அமெரிக்கச் சிற்பியின் படைப்பைப் பார்த்தேன். பெரிய அறை. தரையில் வெளிர் நிறங்களில் பத்து வட்டக் கண்ணாடிக் கட்டிகள், முழங்கால் உயரத்துக்கு. உருவம் இல்லை, செதுக்கல் இல்லை. அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்த அழகு கண்ணாடியுடையது அல்லவா? வார்த்து எடுத்து வைத்ததில் சிற்பியின் பங்கு என்ன? கண்ணாடி மிக மெதுவாக வழியும் திரவம் என்று படித்திருக்கிறேன். அதைத்தான் சொல்ல வருகிறாரா? உடன் வந்த என் ஏழு வயது மகள் குனிந்து பார்த்துவிட்டு, “இந்தத் தண்ணி ஏன் ஆடவே மாட்டேங்குது?” என்றாள். அவளுக்கும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

அழகு கண்ணாடியுடையது என்கிறீர்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் எப்போது கண்ணாடியைப் பார்த்தீர்கள்? ஜன்னலில் தெருவைப் பார்க்கிறோம், குவளையில் தண்ணீரைப் பார்க்கிறோம், மூக்குக்கண்ணாடி வழியாக எழுத்தைப் பார்க்கிறோம். தன்னைக் காட்டாமல் இருப்பதற்கென்றே நாம் செய்துகொண்ட பொருள் அது. சிற்பி அதில் ஒரு பறவையை வடித்தால் பறவையைப் பார்ப்போம். உருவத்தை எடுத்துவிட்டால்தான் கண் வேறு வழியில்லாமல் கண்ணாடியில் வந்து நிற்கும். 1965இல் ஜோசப் கொசுத் என்ற அமெரிக்கக் கலைஞர் ஐந்தடிக் கண்ணாடித் தகடு ஒன்றைச் சுவரில் சாய்த்து வைத்ததோடு நிறுத்திக்கொண்டார். எனக்கு அது ஒரு யோசனையாகப் பிடிக்கிறது, பொருளாக மனதில் தங்குவதில்லை. ஹார்ன் தங்குகிறார்.

நீங்கள் பார்த்தது 2009-10இல் அவர் செய்த ‘வெல் அண்ட் ட்ரூலி’யாக இருக்க வேண்டும். ஒவ்வொரு கட்டியும் ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் அகலம், 45 சென்டிமீட்டர் உயரம். உள்ளே வெற்றிடம் கிடையாது, முழுக்கக் கண்ணாடி. சாதாரணக் கண்ணாடி தண்ணீரைப்போல இரண்டரை மடங்கு கனம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் ஒரு கட்டி 700 கிலோவைத் தாண்டும். பக்கங்களைக் கவனித்தீர்களா? அச்சின் சொரசொரப்பு அப்படியே பதிந்து, பனி மூடியதுபோல் மங்கலாக இருக்கும். மேற்பரப்பை மட்டும் எந்த அச்சும் தொடவில்லை. உருகிய கண்ணாடி தானாகச் சமனாகி நின்ற பரப்பு அது. அதனால்தான் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிய தொட்டிபோல் தெரிகிறது. எந்தப் பக்கத்தை அச்சு தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதில் சிற்பியின் கை இருக்கிறது. மேலே நின்று பார்த்தால் ஆழம், உட்கார்ந்து பார்த்தால் சுவர். ஒரே கட்டி.

இன்னொரு வேலையும் அதில் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாதது: ஆறவைப்பது. அனீலிங் என்பார்கள். தடித்த கண்ணாடி ஆறும்போது வெளிப்புறம் முதலில் இறுகிவிடும். உள்ளே இன்னும் சூடு. பிறகு உள்பகுதி சுருங்க முயலும்போது ஏற்கெனவே இறுகிவிட்ட வெளிப்புறம் விடாது. அந்த இழுபறி உள்ளேயே தங்கி, ஒருநாள் கட்டியைப் பிளந்துவிடும். ஆகவே சூளையின் வெப்பத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்க வேண்டும். தடிமன் இரண்டு மடங்கானால் நேரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். கலிஃபோர்னியாவில் உள்ள பாலோமர் தொலைநோக்கிக்காக 1934இல் வார்த்த ஐந்து மீட்டர் ஆடியின் கண்ணாடியைப் பத்து மாதம் ஆறவைத்தார்கள். ஹார்னின் கட்டிகளும் மாதக்கணக்கில் ஆறியவைதான். ஊற்றுவது ஒரு நாள் வேலை. மற்றதெல்லாம் காத்திருப்பு, அதுவும் விரிசல் விடுமோ என்ற பயத்தோடு. வார்த்து எடுத்து வைத்தது என்று எழுதும்போது அந்த மாதங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடி வழியும் என்ற செய்திக்கு வருகிறேன். ஐரோப்பாவின் பழைய தேவாலய ஜன்னல்களில் சில தகடுகள் அடியில் தடித்திருப்பதைப் பார்த்துப் பிறந்த கதை அது. அந்தக் காலத்தில் கண்ணாடியை ஊதி, சுழற்றித் தட்டாக்கி வெட்டினார்கள். தகடு எங்கும் ஒரே தடிமனாக வராது. அவ்வளவுதான் விஷயம். இடைக்காலத் தேவாலயக் கண்ணாடியின் கலவையை வைத்துச் சில ஆண்டுகளுக்கு முன் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அறை வெப்பத்தில் 100 கோடி ஆண்டுகளுக்கு ஒரு நானோமீட்டர் அளவுக்கே அது நகரும் என்று வந்தது. ஆகவே ஹார்ன் வழிதலைச் சொல்லவில்லை. வழிந்த பொருள் நின்ற இடத்தைக் காட்டுகிறார்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒருவரையும் சொல்லியாக வேண்டும்: லாரி பெல். அறுபதுகளில் லாஸ் ஏஞ்சல்ஸில் கண்ணாடிக் கனசதுரங்கள் செய்தவர். அவற்றை நினைக்கும்போதெல்லாம் நம் மொழியில் உள்ள சொல்தான் எனக்கு ஞாபகம் வரும். ஊடே பார்ப்பதும் கண்ணாடி, முகம் பார்ப்பதும் கண்ணாடி. ‘ஆடி’ என்றாலே பழந்தமிழில் முகம் பார்க்கும் ஆடிதான். இரண்டையும் ஒரே சொல்லில் சொல்வது குழப்பம் என்று முன்பு நினைத்ததுண்டு. இப்போது அது சரியான பெயர் என்றே நினைக்கிறேன். வெறும் கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் நேராக விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. பகலில் வெளிவெளிச்சம் அதை அமுக்கிவிடும். இரவில் அதே ஜன்னலில் உங்கள் முகம் தெரியும். கண்ணாடி மாறவில்லை, எப்போதும் இரண்டையும் செய்துகொண்டுதான் இருந்தது. பெல் அந்தக் கணக்கில் கை வைத்தார். வெற்றிடக் கலத்துக்குள் உலோகத்தை ஆவியாக்கி, ஒளி புகுந்து போகும் அளவுக்கு மெல்லிய படலமாகத் தகட்டின்மேல் படியவைத்தார். படலத்தின் தடிமன் இடத்துக்கு இடம் மாறும். கனசதுரத்தைச் சுற்றி நடந்தால் ஓரிடத்தில் அறை தெரியும், ஓரடி தள்ளி நீங்களே தெரிவீர்கள். நடுவில் எங்கோ இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக. அந்த நடு இடத்துக்காகவே நான் அதைத் திரும்பத் திரும்பச் சுற்றுவேன்.

அப்புறம், உங்கள் மகள். அவள் கேட்டது கண்ணாடி அறிவியலின் நடுவில் இருக்கும் கேள்வி. உப்பு, பனிக்கட்டி போன்றவை இறுகும்போது அணுக்கள் வரிசை கட்டுகின்றன. கண்ணாடியில் வரிசை கிடையாது. அணுக்களின் அமைப்பை மட்டும் பார்த்தால் திரவத்துக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு தெரியாது. ஆனாலும் அசையாது, கல்போல நிற்கும். ஏன் என்பது இன்னும் முழுதாகத் தீரவில்லை. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் பிலிப் ஆண்டர்சன், திடப்பொருள் கோட்பாட்டில் மிச்சமிருக்கும் மிக ஆழமான புதிர் இதுவாக இருக்கலாம் என்று 1995இல் எழுதினார். அதனால் உங்களுக்குப் பதில் தெரியாததில் வருத்தம் வேண்டாம். அவளிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: அது முன்பு ஆடிக்கொண்டுதான் இருந்தது, சூடு குறையக் குறைய ஒவ்வொரு துளியும் பக்கத்துத் துளியிடம் மாட்டிக்கொண்டு நகர இடமில்லாமல் போய்விட்டது. அடுத்து அவள் என்ன கேட்கிறாள் என்று எழுதுங்கள்.

அன்புடன்